மாயி பாகோ: விட்டுப்போன 40 பேரைத் திருப்பி அழைத்து வந்த சீக்கிய வீரத்துறவி, அவரது கதை பழனி மலை அடிவாரத்தை நினைவூட்டுவது ஏன்?

ஜனவரி 14. நமக்குப் பொங்கல். கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில் உறைபனிக்கு நடுவே பொங்கல் பானை ஏறும் அதே நாளில், பஞ்சாப் மாநிலம் முக்த்சரில் லட்சக்கணக்கானோர் ஒரு குளத்தில் நீராடக் கூடுகிறார்கள். அந்த நாளுக்கு அங்கே 'மாகி' என்று பெயர். முந்தின நாள் நாம் போகி கொளுத்துவது போல, அவர்கள் 'லோஹ்ரி' என்று தீ மூட்டுகிறார்கள்.

ஆனால் முக்த்சரில் கூடுவது அறுவடைக்கு மட்டுமல்ல. 1705-ம் ஆண்டு அந்த நீர்நிலைக் கரையில் நடந்த ஒரு போரையும், அதில் உயிர்விட்ட 40 பேரையும், அவர்களை அங்கே கூட்டிவந்த ஒரு பெண்ணையும் நினைவுகூரத்தான் அந்தக் கூட்டம். அந்தப் பெண்தான் மாயி பாகோ. சீக்கியர்கள் வீராங்கனையாகவும் துறவியாகவும் வணங்கும் பெண்மணி.

யார் இந்த மாயி பாகோ? தமிழ்நாட்டில், அதுவும் பழனி மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை ஏன் நெருக்கமானது? விரிவாகப் பார்க்கலாம்.

வீரத்துறவி என்றால் என்ன?

துறவி என்றால் நம் மனதில் வருவது காவி, கமண்டலம், காடு. சீக்கிய மரபில் கதையே வேறு. அவர்களின் ஆறாவது குரு ஹர்கோபிந்த், தன் தந்தை குரு அர்ஜன் 1606-ல் முகலாய ஆட்சியில் கொல்லப்பட்ட பிறகு, இடுப்பில் இரண்டு வாள் அணிந்தார். ஒன்று உலக அதிகாரத்துக்கு, இன்னொன்று ஆன்மிகத்துக்கு.

பத்தாவது குருவான கோபிந்த் சிங் 1699-ல் 'கால்சா' அமைப்பை உருவாக்கியபோது இது வாழ்க்கை முறையாகவே மாறியது. இறைவனை நினைப்பதும், அநியாயத்தை எதிர்த்து நிற்பதும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. இப்படிப்பட்டவரை 'சந்த் சிபாஹி', அதாவது துறவியும் சிப்பாயும் ஆனவர், என்று அழைக்கிறார்கள்.

அந்த வரிசையில் ஒரு பெண்ணாக நிற்பவர் மாயி பாகோ. 'மாயி' என்றால் பஞ்சாபியில் அம்மா. நம்ம ஊர் மகமாயியைக் கும்பிட்டுப் பழகிய காதுக்கு அந்நியமாகத் தெரியாத பெயர்.

1705-ல் என்ன நடந்தது?

இன்றைய தரன் தாரன் மாவட்டத்தில் உள்ள ஜபால் கலான் என்ற ஊரில் பிறந்தவர் பாகோ. சில தலைமுறைகளாகவே சீக்கிய குருக்களைப் பின்பற்றிய குடும்பம். பட்டி என்ற ஊரைச் சேர்ந்த நிதான் சிங்கைத் திருமணம் செய்துகொண்டார்.

அந்தச் சமயத்தில் குரு கோபிந்த் சிங் இருந்த ஆனந்த்பூர் கோட்டையை முகலாயப் படையும் மலைப்பகுதி அரசர்களின் படையும் மாதக்கணக்கில் முற்றுகையிட்டன. உள்ளே சோறு இல்லை. வெளியே போக வழி இல்லை. இனி தாங்காது என்று முடிவெடுத்த மாஜா பகுதி வீரர்கள் 40 பேர் ஊருக்குப் போக அனுமதி கேட்டார்கள்.

போகலாம், ஆனால் எனக்கும் உங்களுக்கும் இனி குரு - சீடர் உறவு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றாராம் குரு. எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் காகிதத்துக்கு 'பேதாவா' என்று பெயர். சுருக்கமாகச் சொன்னால், உறவு முறிவுப் பத்திரம்.

அதன் பிறகு குருவுக்கு நேர்ந்தது பெரும் துயரம். கோட்டையை விட்டு வெளியேறிய சில நாட்களிலேயே மூத்த மகன்கள் இருவரும் சம்கௌரில் சண்டையில் இறந்தார்கள். சிறுவர்களான இளைய மகன்கள் இருவரும் சிர்ஹிந்தில் கொல்லப்பட்டார்கள். தாயார் மாதா குஜ்ரியும் அங்கேயே இறந்துபோனார்.

இந்தப் பக்கம், ஊர் திரும்பிய 40 பேருக்கு வீட்டில் வரவேற்பு இல்லை. 'வளையல் போட்டுக்கொண்டு வீட்டில் இருங்கள், நாங்கள் போகிறோம்' என்று ஊர்ப்பெண்கள் சொன்னதாக மரபுக் கதை சொல்கிறது. பாகோ அதோடு நிற்கவில்லை. தானே ஆயுதம் எடுத்து, குதிரை ஏறி, அந்த 40 பேரையும் கூட்டிக்கொண்டு குருவைத் தேடிப் புறப்பட்டார்.

குருவைத் துரத்தி வந்த சிர்ஹிந்த் நவாப் வசீர் கானின் படையை அவர்கள் எதிர்கொண்ட இடம் கித்ரானா. வறண்ட பூமி. அங்கே இருந்த நீர்நிலை ஒன்றுதான் சுற்றுவட்டாரத்துக்கே தண்ணீர். அதைப் பாகோவின் குழு தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டது. எண்ணிக்கையில் எதிரிப் படை பலமடங்கு பெரியது. ஆனால் தாகம் எண்ணிக்கை பார்க்காது. கடைசியில் தண்ணீர் கிடைக்காத முகலாயப் படை பின்வாங்கியது.

40 பேரும் மடிந்தார்கள். படுகாயத்தோடு பிழைத்தவர் பாகோ.

ஒரு காகிதம் கிழிக்கப்பட்ட இடம்

இந்தக் கதையின் உச்சம் சண்டை இல்லை. சண்டை முடிந்த பிறகு நடந்ததுதான்.

குரு கோபிந்த் சிங் போர்க்களத்துக்கு வந்தபோது, 40 பேரில் ஒருவரான மகான் சிங்குக்கு மட்டும் கொஞ்சம் உயிர் இருந்தது. என்ன வேண்டும் என்று கேட்ட குருவிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: நாங்கள் எழுதிக் கொடுத்த அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடுங்கள். குரு கிழித்தார். அந்த 40 பேரும் 'முக்தே', அதாவது விடுதலை பெற்றவர்கள், ஆனார்கள். கித்ரானா அன்று முதல் முக்த்சர் ஆனது. பெயரின் பொருளே முக்தி தரும் குளம் என்பதுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரச்சனையின் போது விட்டுவிட்டு ஓடியவர்களை எந்தச் சமூகமும் துரோகி என்றுதான் எழுதி வைக்கும். இங்கே ஓடியவர்களின் பெயரில்தான் ஊரே இருக்கிறது. சீக்கியர்கள் தினமும் செய்யும் 'அர்தாஸ்' பிரார்த்தனையில் இன்றைக்கும் அந்த 40 பேரை நினைக்கிறார்கள்.

தெற்கே வந்த பாகோ

சண்டைக்குப் பிறகு பாகோ ஊருக்குத் திரும்பவில்லை. ஆண் உடையில் குருவின் மெய்க்காவலர்களில் ஒருவராகச் சேர்ந்தார். குருவோடு இன்றைய மகாராஷ்டிராவின் நாந்தேட் வரை வந்தார். 1708-ல் குரு அங்கே மறைந்த பிறகு, இன்னும் தெற்கே நகர்ந்து, இன்றைய கர்நாடகாவில் பீதர் அருகே உள்ள ஜன்வாடாவில் தியானத்தில் வாழ்ந்து அங்கேயே காலமானார் என்கிறது மரபு. அந்த இடத்தில் இப்போது ஒரு குருத்வாரா இருக்கிறது.

பீதர் ஏன் என்று கேட்கலாம். 1699-ல் குருவின் அழைப்புக்கு முதலில் தலை கொடுக்க முன்வந்த ஐந்து பேரில் ஒருவரான சாஹிப் சிங், பீதரைச் சேர்ந்த நாவிதர் சமூகத்தவர். சீக்கிய வரலாற்றின் நடு மையத்திலேயே தென்னிந்தியாவுக்கு ஓர் இடம் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஆக, வாளோடு நினைவுகூரப்படும் இந்தப் பெண், வாழ்க்கையின் பிற்பகுதியை வாள் இல்லாமல், சொந்த ஊரிலிருந்து வெகு தொலைவில் அமைதியாகக் கழித்தவர். 'வீரத்துறவி' என்ற சொல்லின் இரண்டாவது பாதி இதுதான்.

பழனி மலை அடிவாரத்தில் ஒரு ராணி

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

விருப்பாட்சி என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது மலைவாழை. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன, புவிசார் குறியீடு பெற்ற பழம். ஆனால் பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இருக்கும் அந்த ஊர், ஒரு ராணிக்கு 8 ஆண்டுகள் அடைக்கலம் கொடுத்த ஊரும்கூட.

1772 ஜூன் மாதம் காளையார்கோவிலில் கிழக்கிந்திய கம்பெனிப் படையும் ஆற்காடு நவாப் படையும் நடத்திய தாக்குதலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அவரது மனைவி வேலு நாச்சியார், மகளோடு தப்பி வந்து சேர்ந்த இடம் விருப்பாட்சி. பாளையக்காரர் கோபால நாயக்கர் பாதுகாப்புக் கொடுத்தார். அப்போது திண்டுக்கல் மைசூரின் ஹைதர் அலி வசம் இருந்தது. அவரிடம் படை உதவி கேட்டார் நாச்சியார்.

1780-ல் சிவகங்கையை மீட்டார். அதன் பிறகு ஆட்சியும் செய்தார். அவருக்கு இடம் கொடுத்த கோபால நாயக்கர், பிற்காலத்தில் திண்டுக்கல் பகுதிப் பாளையக்காரர்களைத் திரட்டிக் கம்பெனியை எதிர்த்து, 1801-ல் தூக்கிலிடப்பட்டார்.

நாச்சியாரைப் பற்றிய படம், சிலை, தபால்தலை எதை எடுத்தாலும் கையில் வாள். தப்பில்லை. ஆனால் மீட்புப் போருக்கு முன்னால் இருந்தது 8 ஆண்டுக் காத்திருப்பு. கணவரை இழந்து, நாட்டை இழந்து, மகளை வளர்த்துக்கொண்டு, கடிதம் எழுதி, ஆள் சேர்த்து, அடுத்தவர் ஊரில் வாழ்ந்த 8 ஆண்டுகள். அந்தக் காலத்துக்குச் சிலை வடிப்பது கஷ்டம்.

எது வரலாறு, எது மரபு?

இரண்டு கதைகளிலுமே ஆவணம் சொல்வதும், மக்கள் வாய்வழியாகச் சொல்வதும் கலந்துதான் இருக்கின்றன.

கித்ரானா போர் நடந்தது உறுதி. ஆனால் அது எந்த மாதம் என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு: டிசம்பர் என்பது ஒன்று, கோடை என்பது இன்னொன்று. கோடையில் அந்த வறண்ட பகுதியில் கூட்டம் கூடினால் தண்ணீர் கிடைக்காது என்பதால்தான் நினைவு நாள் தை முதல் நாளான மாகிக்கு மாற்றப்பட்டது என்று ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. தண்ணீரால் வெல்லப்பட்ட போரின் நினைவு நாளையும் தண்ணீரே தீர்மானித்திருக்கிறது!

அதேபோல, வேலு நாச்சியார் 1780-ல் ஆட்சிக்குத் திரும்பியது ஆவணம். அவருக்காக உயிர்விட்ட உடையாள், ஆயுதக் கிடங்கில் தீயோடு குதித்த குயிலி ஆகியோரின் கதைகள் பெரும்பாலும் வாய்மொழியாக வந்தவை. வாய்மொழி என்பதால் பொய் என்று ஆகிவிடாது. பெண்களைப் பற்றியும், சாமானியர்களைப் பற்றியும் அரண்மனை ஆவணங்கள் எழுதியது குறைவு. அவர்களுக்கு ஊர் நாக்குதான் ஆவணம்.

ஆனால் எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு சொல்வது, அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

அந்த 'வளையல்' கேலியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். இன்றைக்கும் நம்ம ஊர் மேடைகளில், ஏன் சட்டமன்றங்களில்கூட, எதிராளியைக் கோழை என்று சொல்ல வளையல் அனுப்பும் பழக்கம் இருக்கிறது. மாயி பாகோ கதையில் ஆண்களை நோக்கி அந்தக் கேலி வருகிறது. ஆனால் கடைசியில் களத்துக்குக் கூட்டிப்போனது வளையல் போட்ட கைதான். கேலியைக் கதையே உடைத்துவிடுகிறது.

நினைவு நாள் யாருக்குச் சொந்தம்?

டிசம்பர் 25 முதல் ஜனவரி 14 வரை எண்ணிப் பாருங்கள். டிசம்பர் 25 வேலு நாச்சியார் நினைவு நாள். 26 குரு கோபிந்த் சிங்கின் இளைய மகன்களின் நினைவாக மத்திய அரசு 2022-ல் அறிவித்த 'வீர பால் திவஸ்'. ஜனவரி 3 நாச்சியார் பிறந்த நாள். 14 மாகி. மூன்றே வாரத்தில் நான்கு நாட்கள்.

இவற்றில் சர்ச்சை இல்லாமல் இல்லை. 'வீர பால் திவஸ்' என்ற பெயரை சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி ஏற்கவில்லை. வயதில் சிறுவர்கள் என்றாலும், அவர்களைப் பெரியவர்களாக வணங்குவதே சீக்கிய மரபு. 'பால்' என்று குழந்தையாகக் குறுக்கக்கூடாது, தியாக நாள் என்றே அழைக்க வேண்டும் என்பது அவர்களின் வாதம். நினைவு நாளுக்கு ஒரு பெயர் வைப்பதிலேயே இவ்வளவு இருக்கிறது.

முக்த்சர் மாகி மேளாவும் அரசியலுக்குத் தப்பவில்லை. கட்சிகள் அங்கே மாநாடு போடுவது பல பத்தாண்டு வழக்கம். 2016-ல் அரவிந்த் கெஜ்ரிவால் பஞ்சாப் தேர்தலுக்கு முன்னோட்டமாகப் பெரும் கூட்டம் நடத்தியது இங்கேதான். 2025-ல் எம்.பி. அம்ரித்பால் சிங்கின் ஆதரவாளர்கள் புதுக்கட்சி தொடங்கியதும் இதே மேளாவில்தான்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது புதுசா? குருபூஜை, ஜெயந்தி, நினைவு தினம் என்று வந்தாலே போலீஸ் குவிப்பு, தலைவர்களின் கார் வரிசை, யார் முதலில் மாலை போட்டது என்ற கணக்கு எல்லாம் நமக்கும் பழக்கம்தான். நினைவுகூரப்படுபவரை அந்தக் கூட்டத்தில் தேட வேண்டியிருக்கும்.

பெயர் வைப்பதைத் தாண்டி என்ன?

பஞ்சாப் அரசு மொஹாலியில் ஒரு காரியம் செய்திருக்கிறது. ராணுவ அதிகாரிகளாக விரும்பும் பெண்களுக்கு 2015-ல் ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கி, அதற்கு மாயி பாகோ பெயரை வைத்தது. அங்கே படித்த பெண்கள் முப்படைகளிலும் அதிகாரிகளாகச் சேர்ந்திருக்கிறார்கள்.

இங்கேயும் பாதை இருக்கிறது. 1992 முதல் ராணுவத்துக்குப் பெண் அதிகாரிகளை உருவாக்கி அனுப்புவது சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிதான். ஆனால் அந்தப் பாதை ஒரே நாளில் வந்ததில்லை.

1992: பெண்கள் குறுகிய காலப் பணிக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டார்கள்.

2020 பிப்ரவரி 17: ஆண்களைப் போலவே பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2021 ஆகஸ்ட்: தேசிய பாதுகாப்பு அகாடமி தேர்வைப் பெண்களும் எழுதலாம் என்று இடைக்கால உத்தரவு வந்தது.

2025 மே 30: அந்த அகாடமியிலிருந்து முதல் முறையாக 17 பெண்கள் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள்.

1992-க்கும் 2025-க்கும் நடுவே 33 ஆண்டுகள். அதில் பெரும்பகுதி வழக்கு, மனு, வாய்தா, காத்திருப்பு. விருப்பாட்சியில் நாச்சியார் கழித்த 8 ஆண்டுகளின் இன்றைய வடிவம் என்றே இதைச் சொல்லலாம்.

அட்டுவம்பட்டியிலிருந்து பார்த்தால்...

1984-ல் தமிழ்நாடு அரசு சட்டத்தின் மூலம் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அட்டுவம்பட்டியில் இருக்கிறது. பெண்களின் உயர்கல்விக்காகவே உருவான, பின்னாளில் புனிதராக அறிவிக்கப்பட்ட ஒருவரின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம். மலையேறி அங்கே படிக்க வரும் மாணவிகளுக்கு, அதே மலைத்தொடரின் அடிவாரத்தில் ஒரு ராணி 8 ஆண்டுகள் காத்திருந்தார் என்பதைச் சொல்ல வேறெங்கும் போக வேண்டியதில்லை. பேருந்தில் ஒரு பகல் போதும்.

மாயி பாகோவும் வேலு நாச்சியாரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். காலம் வேறு, மொழி வேறு, சமயம் வேறு. இருவரையும் நினைவுகூரும்போது நாம் செய்யும் தப்பு மட்டும் ஒன்றுதான்: வாள் பிடித்த ஒரு நாளை எடுத்துக்கொண்டு, மற்ற ஆண்டுகளை விட்டுவிடுகிறோம்.

விட்டுவிட்டுப் போனவர்களைத் தேடிப்போய்த் திருப்பி அழைத்தது, எழுதி வைத்த பழியைக் கிழிக்கச் சொன்னது, வென்ற பிறகு அதிகாரம் கேட்காமல் ஒதுங்கியது - இவை பாகோ கதையின் கஷ்டமான பகுதிகள். அடைக்கலம் கேட்டு வந்தவருக்குப் பின்விளைவு தெரிந்தும் கதவைத் திறந்தது விருப்பாட்சிக் கதையின் கஷ்டமான பகுதி.

வாளுக்கு மாலை போடுவது சுலபம். படிப்பைப் பாதியில் விட்ட ஒரு பெண்ணைத் திரும்ப வகுப்புக்குக் கூட்டிவருவதும், வீட்டை விட்டு வந்த ஒருத்திக்கு இடம் கொடுப்பதும் சுலபமில்லை. அடுத்த ஜனவரி 14 அன்று பொங்கல் பானை இறங்கிய பிறகு, இந்த இரண்டு பெண்களையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியே, நம் பக்கத்தில் யாருடைய காகிதம் இன்னும் கிழிக்கப்படாமல் இருக்கிறது என்றும் யோசித்துப் பாருங்கள்.